நாய் அறிந்ததும் நாம் எழுதாததும்

மஸ்கெலியாவிலே நாம் தமிழ் கற்பிக்கும் பாடசாலையில் மாணவர் ஆண்டுதோறும் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றை வெளியிடுவர். சென்ற முறை அதற்கு வந்த ஆக்கங்களுள் சிறுகதை ஒன்று இருந்தது. வலிப்பு நோயுள்ள தமக்கை கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். வீட்டு நாய் ஜிம்மி அவளைப் பின்தொடர்கிறது. செங்குத்தான சரிவில் அவள் நிற்கையில் அது குரைத்து, அவள் இடையிற் கட்டியிருந்த படங்கைக் கவ்விப் பாதையோரமாக இழுக்கிறது. எரிச்சலோடு வந்து அமர்கிறாள். அமர்ந்த சில நிமிடங்களில் வலிப்பு வந்துவிடுகிறது. நின்ற இடத்தில் வந்திருந்தால் கானுக்குள் உருண்டிருப்பாள். பைரவர் வாகனம் தன் மகிமையைக் காட்டிவிட்டது என்று லயத்தார் கூடி நாய்க்கு மாலையிடக் கதை முடிகிறது.

அதன் ஓரத்தில் நாம் சிவப்பு மையால், "நிகழத்தக்கதன்று, மூடநம்பிக்கையை வளர்ப்பது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தோம். மாணவன் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "மாலை போட்டது மட்டுந்தான் பொய் சேர். மத்ததெல்லாம் எங்க அக்காவுக்கு நடந்தது" என்றான்.

நாம் எழுதிய அந்தச் சிவப்பு வரியைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளி மாணவன் ஒருவனின் கதைக்கு இத்தனை பக்கமா என்று நண்பர்கள் வினவக்கூடும். அவன் கதையிலுள்ள குறை அச்சேறிய கதைகளிலும் உண்டு. அவற்றை மதிப்பிடும் நம்மிடத்தும் உண்டு. ஆதலால் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான்.

முதலிற் செய்தியை நோக்குவோம். வலிப்பு வருமுன் நாய் அறியுமா? இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1990களில் இதற்கென்றே நாய்களைப் பழக்கத் தொடங்கினர். அம்முயற்சியைப் பற்றி 1999 இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரை, பழக்கப்பட்ட ஆறு நாய்கள் 15 முதல் 45 நிமிடம் முன்னதாகவே தத்தம் எசமானருக்கு அறிவித்தன என்று கூறிற்று. அதன் தலைப்பே இது உண்மையா கற்பனையா என்னும் வினாவாக அமைந்தது கவனிக்கத்தக்கது. 2004 இல் கனடாவின் கால்கரி நகரத்து வைத்தியர்கள், வலிப்புள்ள பிள்ளைகளின் குடும்பங்களை விசாரித்தனர். நாய் வளர்த்த வீடுகளில் நூற்றுக்கு 40 அளவில், வலிப்பின்போது நாய் தனியொரு விதமாக நடந்துகொள்வதாகச் சொல்லினர். முன்கூட்டியே அறிவதாகச் சொன்னோர் நூற்றுக்கு 15 அளவினரே. அவை எவராலும் பயிற்றப்படாத வீட்டு நாய்கள். மறுபுறத்தில், 2007 இல் அமெரிக்க வைத்தியர்கள் சிலர், முன்னறிவிக்கும் நாய்களை உடைய நோயாளரை மின்பதிவுக் கருவியின் கீழ் வைத்துக் கவனித்தபோது, அவருட் சிலருக்கு வந்தது மூளை வலிப்பே அன்று, மனவழுத்தத்தினால் அதுபோலத் தோன்றும் வேறொன்று எனக் கண்டனர்.

2019 இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர் இன்னும் நுணுகிப் பார்த்தனர். வலிப்பின்போது எடுத்த வியர்வையையும் மூச்சையும், அதே நோயாளர் அமைதியாக இருந்தபோதும் உடற்பயிற்சி செய்தபோதும் எடுத்தவற்றையும் ஐந்து நாய்களின் முன் வைத்தனர். மூன்று நாய்கள் ஒருமுறையேனும் தவறாது வலிப்பின் மணத்தைக் காட்டின. மற்றிரண்டும் மூன்றில் இரண்டு தடவை காட்டின. எனவே வலிப்புக்கு ஒரு மணமுண்டு. நாய் அதை அறிகிறது. ஆனால் அம்மணம் வலிப்பு வந்தபின் எடுத்தது, வருமுன் எடுத்ததன்று. 2024 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 25 பேருக்குப் பயிற்றிய நாய்களைக் கொடுத்துப் பார்த்தது. நாயோடு வாழ்ந்த காலத்தில் வலிப்புகள் சராசரியாக நூற்றுக்கு 31 குறைந்தன. நாய் மூளைக்கு என்ன செய்தது என்பதைக் காட்டிலும், பக்கத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்ற தைரியம் மனிதருக்கு என்ன செய்தது என்பதே நம்மைச் சிந்திக்கவைக்கிறது.

ஆகவே 'நிகழத்தக்கதன்று' என்று நாம் எழுதியது பிழை. ஐயுறுவது அறிவியலின் இயல்பு. அதனை எவரும் குறைகூறார். ஆனால் நாம் காட்டியது ஐயமன்று. லயத்துப் பிள்ளையொருவன் தன் வீட்டிற் கண்டதை, நாம் நூலிற் காணவில்லை என்பதற்காக மூடநம்பிக்கை என்று தள்ளினோம். பகுத்தறிவின் பெயரால் மக்கள் அனுபவத்தையே மறுக்கும் இவ்வழக்கம் முற்போக்காளராகிய நமக்குச் சற்று எளிதாகவே வந்துவிடுகிறது. அதே வேளையில் மாணவன் கதை அவ்வளவில் நிறைவுபெற்று விடுகிறதா என்றால், அதுவும் இல்லை. அதன் குறை நாம் சுட்டிய இடத்தில் இருக்கவில்லை, அவ்வளவே.

அக்குறையைக் காண நமது மரபைச் சற்றுப் புரட்டவேண்டும். தமிழிலே இந்நோய்க்கு முயலகன் என்றொரு பெயருண்டு. ஆடல்வல்லான் திருவடியின் கீழ் நெளியும் குறளுருவுக்கும் அதுவே பெயர். செப்புத் திருமேனி வார்த்த சிற்பியின் கைத்திறத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அச்சிலையில் மிதிக்கும் கடவுள் இருக்கிறார், மிதிபடும் நோய் இருக்கிறது. நோயுற்ற மனிதர் மட்டும் இல்லை. இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் நம் மரபிலேயே இருக்கிறது. கொல்லி மழவனின் மகள் முயலகன் நோயால் வருந்தித் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலிற் கிடந்தாள் என்றும், ஞானசம்பந்தர் அங்கே பாடி அவளைத் தேற்றினார் என்றும் பெரியபுராணம் கூறும். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவாசியே அவ்வூர். அற்புதத்தை நம்புவார் நம்புக. நம் கருத்தைக் கவர்வது அப்பதிகத்தின் குரல். இப்பெண்ணை இவ்வாறு வாடச் செய்வது உமக்குப் பெருமையா என்று பாட்டுத்தோறும் அது இறைவனையே கேட்கிறது. அவள் முற்பிறப்பிற் செய்த பாவம் யாதென்று கேட்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் எழுந்த இவ்வினா, இருபதாம் நூற்றாண்டின் சினிமாவில், விழுந்தவன் கையிற் சாவிக்கொத்தைத் திணித்துச் சிரிக்கவைக்கும் காட்சியாகத் தேய்ந்தது. இரும்பு வலிப்பை நிறுத்தாது என்பதைக் கூறவும் வேண்டுமோ! ஆயினும் எம் வகுப்பில் நாற்பது பேரைக் கேட்டால் முப்பது பேர் இரும்பு என்றே சொல்லுவர். ஒருக்களித்துப் படுக்கவைத்தல், வாயில் எதையும் திணியாதிருத்தல், கைகாலை அமுக்கிப் பிடியாதிருத்தல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் என்பவற்றை எந்தப் படம் அவர்களுக்குக் காட்டிற்று?

நாயின் நிலையும் இதுவே. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயினும் கடையேன் என்ற பொருள்படப் பலவிடத்துப் பேசுகிறார். நாலடியாரோ யானை போன்றார் நட்பை விலக்கி, நாய் போன்றார் நட்பைக் கொள்ளச் சொல்கிறது. எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலைக் குழைப்பது நாய் என்பது அது காட்டும் காரணம். நட்பின் இலக்கணமாக இதை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் நமக்கொரு சங்கடம் தோன்றுவதுண்டு. வேலெறிந்தவனுக்கு வாலாட்டுவதை உழைப்பாளர் பிள்ளைகளுக்கு நற்குணமென்று எவ்வாறு கற்பிப்பது? இது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

நோயும் நாயும் ஒருங்கே வரும் பேரிலக்கியம் ஒன்றைக் கூறவேண்டுமாயின் தஸ்தயெவ்ஸ்கியைத்தான் கூறவேண்டும். அவரே வலிப்பு நோயாளி. 1878 இல் மூன்று வயது நிரம்பாத அவர் மகன் அலியோஷா வலிப்பிலேயே இறந்தான். 1868 இல் வெளிவரத் தொடங்கிய 'அசடன்' நாவலில் கோமகன் மிஷ்கினுக்கு வலிப்பு வருமுன் ஒரு கணம் பேரொளியும் பேரமைதியும் தோன்றுகின்றன. ரகோஷின் கத்தியை ஓங்கும் நேரத்தில் வந்த வலிப்பே அவனைக் காப்பாற்றுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் அதே நோயைச் சமையற்காரன் ஸ்மெர்ட்யகோவுக்குக் கொடுக்கிறார். அவனுக்கு ஒளியில்லை. நிலவறைப் படியில் விழுகிறான். அவ்விழுகையும் கொலையை மறைக்கப் போட்ட பொய் வலிப்பு. கோமகன் விழுந்தால் தரிசனம், வேலைக்காரன் விழுந்தால் சதி! தன் நோயையே எழுதிய மாபெரும் கலைஞனிடத்தும் வர்க்கம் இவ்வாறு புகுந்துவிடுகிறது. ரொட்டிக்குள் ஊசியை மறைத்து நாய்க்குப் போடச் சிறுவன் இல்யூஷாவுக்குக் கற்றுக்கொடுப்பவனும் இதே ஸ்மெர்ட்யகோவ்தான். நோயுற்ற ஏழைக்கு நாயின் துணைகூட அங்கே மறுக்கப்படுகிறது.

துர்கனேவ் இதனின்று வேறுபடுகிறார். 1854 இல் வெளியான 'முமூ' கதையில் வாய்பேசாப் பண்ணையடிமை கெராசிமுக்கு உலகில் உள்ளது ஒரு நாய்க்குட்டி மட்டுமே. எசமானியின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்காக அதனைத் தன் கையாலேயே ஆற்றில் அமிழ்த்துகிறான். அந்நாய் எந்த அற்புதமும் செய்வதில்லை, எதிர்காலத்தை அறிவதுமில்லை. அவன் பக்கத்தில் இருக்கிறது. அது இருந்த அளவுக்கும் மனிதர் எவரும் அவனோடு இருக்கவில்லை என்பதை ஆசிரியர் சொல்லாமலே நாம் அறிகிறோம். பண்ணையடிமை முறையை எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் இத்துணை வலிமை வந்திராது.

மலையகத்துக்கு வருவோம். 'துன்பக்கேணி'யில் புதுமைப்பித்தன் தேயிலைத் தோட்டத்து மருதியின் நோயை விதியாகக் காட்டவில்லை. தோட்டத்தின் அதிகாரம் அவள் உடம்பில் இட்ட தழும்பாகக் காட்டினார். பின்னர் சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோர் இம்மண்ணின் வாழ்வை இம்மண்ணின் பேச்சிலேயே எழுதினர். 1948 இல் குடியுரிமை பறிபோனதும், 1964 ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் கப்பலேறிப் பிரிந்ததும், கூலியும், லயமும் அவர்தம் பொருளாயின. அவை முதன்மை பெற்றது நியாயமே. ஆயினும் நாம் வாசித்த அளவில், நோய் என்பது பெரும்பாலும் கதையை முடிக்க வருகிறது. இருமல் வந்தால் தாய் இறப்பாள். காய்ச்சல் வந்தால் குழந்தை இறக்கும். நோயோடு ஒருவர் முப்பது ஆண்டு வாழ்வதும், காலையில் எழுந்து பெரட்டுக்குப் போவதும், மாத்திரை தீர்ந்த வாரத்தை எண்ணிக்கொண்டிருப்பதும் கதையாவதில்லை. வலிப்பு இவ்வாறான நோய். அது கொல்வது அரிது; கூடவே வாழ்வது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவருள் நூற்றுக்கு 80 பேரளவில் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர். தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் அது கூறுகிறது. ஃபெனோபார்பிட்டோன் என்னும் மலிவான மாத்திரை 1912 முதல் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்டு வருகிறது.

மாணவன் அழைக்க அவன் லயத்துக்கு ஒரு ஞாயிறன்று சென்றோம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைத் தாண்டி மேலேறும் பாதை. 1969 இல் அந்நீர் பழைய மஸ்கெலியா நகரை மூடிக்கொண்டது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். உடனே பத்திரிகைகள் படம் போடும். லயத்துக்குள் இருப்பது எந்த வறட்சியிலும் வெளியே தெரிவதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஆறு பேர், ஒரு நாய். நாய் ஏன் உள்ளே படுக்கிறது என்று கேட்டோம். சிறுத்தை தூக்கிவிடும் என்றனர். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்திலே கருஞ்சிறுத்தையொன்று கண்ணியில் அகப்பட்டு, சில நாளில் இறந்தபோது நாடே பேசிற்று. சிறுத்தைகள் லயத்து நாய்களைத் தேடிவருவது இப்பகுதியார் அனைவரும் அறிந்த செய்தி. ஆகவே ஜிம்மி இரவெல்லாம் அடுப்படியில் அக்காவின் காலடியிலே கிடக்கிறது. அவளுடைய மூச்சின் மணமும் வியர்வையின் மணமும் அதற்குப் பழகியதில் வியப்பென்ன? பைரவர் மகிமையென்று மாணவன் எழுதியதன் பின்னே இடநெருக்கடி என்னும் பௌதிகக் காரணம் இருந்தது. (லயத்து நாய்களுக்கெல்லாம் ஜிம்மி, டைகர் என்று துரைமார் வீட்டுப் பெயர்கள் இன்றும் நிலைத்திருப்பதும் ஆராயத்தக்கது.)

தாய் கூறியதை அவர் சொன்னபடியே தருகிறோம். "அது சில நேரம் கத்தும் சேர், ஒண்ணும் வராது. சில நேரம் கத்தாது, வந்திரும். ஆனா இவ விழுந்தா எந்திரிக்கிற வரைக்கும் அது எங்கயும் போகாது."

கால்கரி வைத்தியரும் ரென் ஆய்வாளரும் பல ஆண்டு முயன்று கண்டதை, அந்த அம்மாள் மூன்று வாக்கியத்தில் அடக்கிவிட்டார். முன்னறிவு ஐயத்துக்குரியது, பிரியாமை உறுதியானது. நாய் முகத்தை நக்குகிறது, கழுத்தோரம் படுத்துக்கொள்கிறது, எவரேனும் வரும்வரை குரைக்கிறது. அவள் கண்விழிக்கும்போது முதலிற் காண்பது அதனையே. மனிதர்? ஒருவர் சாவிக்கொத்தோடு வருவார். ஒருத்தி பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள். முனி பிடித்தது என்று ஒருவர் சொல்லுவார். அடுத்த காம்பராவிலுள்ள முதியவள் மட்டும் வந்து தலையைத் திருப்பிவிட்டு, வாயில் வழிவதைத் துடைப்பாளாம். மாணவன் கதையில் அந்த முதியவளும் இல்லை.

இனி மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசமாகக் கிடைக்கிறது. அதனை இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு என்றே கூறவேண்டும். ஆயினும் மாதமொருமுறை கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. கொழுந்து மலியும் காலத்தில் ஒருநாட் பேரை இழக்க வீட்டார் தயங்குவர். லீவு கேட்டாலும் முகம் சுளிக்கப்படும். அடுத்த மாதம் போகலாம் என்பர். அதற்குள் மாத்திரை தீர்ந்துவிடும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக வரும் என்பது வைத்தியர் அனைவரும் அறிந்தது. ஆகவே மலையிலே வேலை மிகுந்த அதே வாரங்களில் அவள் விழுகிறாள். கதையில் வந்த சரிவும் அப்படியொரு வாரத்ததே! கானுக்குள் விழுந்துவிடுவாள் என்று பின்னர் அவளுக்குக் கொழுந்து மலை கொடுக்காமல், புல்லு வெட்டப் பேர் போட்டனராம். அதுவும் சில நாள் மட்டும். நோயை மறைத்தால் வேலை, சொன்னால் வீடு. கலியாணப் பேச்சிலும் இதுவே கதை. இந்தியாவில் 1976 முதல் 1999 வரை வலிப்பு நோய் இந்துத் திருமணத்துக்குச் சட்டப்படியே தடையாக எழுதப்பட்டிருந்தது. சட்டத்தினின்று அச்சொல் நீங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தரகர் வாயினின்று இங்கும் நீங்கவில்லை, அங்கும் நீங்கவில்லை.

இவை அனைத்தையும் மாணவன் அறிவான். நாம் கேட்டதற்கெல்லாம் அவனே விடை கூறினான். பின் ஏன் கதையில் எழுதவில்லை? "அதெல்லாம் சும்மா நடக்கிறது தானே சேர். கதைக்கு ஏதாவது வேணுமில்ல" என்றான்.

அவனுக்கு அவ்வெண்ணத்தைக் கொடுத்தவர் நாமே. கதையென்றால் திருப்பம் வேண்டும், முடிவில் ஓர் அதிர்ச்சி வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டது நம் கைதான். அற்புதம் ஒன்றைத் தேடிய அவன், வீட்டிலிருந்த அற்புதத்தை எடுத்தான். நாய் காப்பாற்றிவிட்டது, ஆகவே கங்காணியும் கிளினிக்கும் கொழுந்துக் கணக்கும் கதைக்கு வேண்டியிருக்கவில்லை. மாலை நாயின் கழுத்தில் விழுந்ததும் பொறுப்பு மனிதர் கழுத்தினின்று இறங்கிவிட்டது. அச்சேறும் கதைகளில் நல்ல துரையும், திடீரென மனந்திருந்தும் கணக்கப்பிள்ளையும், லொத்தர்ச் சீட்டும் செய்யும் வேலையை இங்கே ஜிம்மி செய்தது. செல்வ நாடுகளில் வெளியாகும் நாய்க் கதைகளிலும் இப்போக்கு இல்லாமலில்லை. அங்கே நாயைப் பழக்கப் பணமும், நாய் கூடவே ஏறப் பஸ்ஸும், நாயோடு வேலை செய்ய அலுவலகமும் உண்டு. படத்தில் நாய் மட்டுமே நிற்கிறது. அதன் பின்னே நிற்கும் சமூக ஏற்பாடு படத்தில் விழுவதில்லை.

நாயைக் கதையினின்று நீக்கச் சொல்லுகிறோம் என்று எவரும் கொள்ளற்க. நாய் இருக்கட்டும், ஆனால் தாய் கண்ட நாயாக இருக்கட்டும். குரைத்தும் வலிப்பு வராத நாளில், அரைநாட் பேரை இழந்து அவள் பாதையோரம் காத்திருந்தது என்னவாயிற்று? குரைக்காத நாளில் என்ன நேர்ந்தது? நாய் செய்வதையெல்லாம் செய்யக்கூடிய மனிதர் நூறு பேர் சுற்றி நிற்க, அது மட்டும் ஏன் அருகிற் படுத்திருக்கிறது? இவ்வினாக்களை எழுப்பும் கதை, அற்புதத்தை நம்பாதவரையும் நம்பவைக்கும், நம்புகிறவரையும் உறுத்தும்.

இவற்றை மாணவனிடம் இத்துணை விரிவாகக் கூறவில்லை. சிவப்பு மையில் எழுதியதைக் கோடிட்டு அழித்து, அம்மா சொன்ன மூன்று வாக்கியத்தையும் அதன் கீழே எழுதிக் கொடுத்தோம். இரு வாரம் கழித்து இரண்டாம் படி வந்தது. பைரவர் இல்லை. மாலையும் இல்லை. அடுத்த காம்பராப் பாட்டி வந்திருந்தாள். கிளினிக் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அக்கா விடிகாலை பஸ்ஸுக்கு இறங்குகிறாள். நாய் சந்திவரை வருகிறது. கண்டக்டர் அதை ஏற்றமாட்டார். பஸ் திரும்பும்வரை அது சந்தியிற் படுத்திருப்பதை அவன் ஒரு பக்கத்துக்கு வருணித்திருந்தான்: மழை, ஓடும் லொறிகள், சிவனொளிபாதம் செல்லும் யாத்திரிகர், கல்லெறியும் பையன்கள். நீளம் மிகுதி, பாதியாகக் குறை என்றோம்.

அவன் குறைக்கவில்லை. சஞ்சிகையில் அப்பக்கம் அவ்வாறே இருக்கிறது.